நாலாவது தளத்தில் யாரும் இல்லை

கப்பலில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, "கடல் எப்படி இருக்குமுங்க?" என்பதுதான். உண்மையைச் சொன்னால் நான் கடலை அதிகம் பார்த்ததில்லை. என் வேலை கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்தில். அங்கே ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா, பகலா இரவா என்பது கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேலே பன்னிரண்டு தளங்களில் ஆயிரக்கணக்கான பேர் ஆடிப்பாடிக் கொண்டிருப்பார்கள். அவர்கள் படுத்த விரிப்பும் துடைத்த துண்டும் மட்டும் எங்களிடம் வந்து சேரும்.

திருப்பூரில் சாயப்பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை. அதே பாய்லர் சூடு, துணியைப் பிழியும் ஹைட்ரோ மிஷினின் அதே உறுமல், ட்ரையரைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே பஞ்சுத் தூசி. துணிக்குச் சாயம் ஏற்றுவதற்குப் பதிலாகக் கறை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று ஆனபோது, கூட வேலை செய்த ஒருவரின் மச்சான் வழியாகச் சென்னையில் ஓர் ஏஜெண்டைப் பிடித்துப் போனேன். அப்போது எனக்கு முப்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

கப்பலில் எல்லோருக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று தினசரி வேலை. இன்னொன்று ஆபத்து வந்தால் செய்ய வேண்டிய வேலை. சமையல்காரர் படகு இறக்குவார், பாட்டுக்காரி குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுவாள். எனக்குக் கொடுத்திருந்தது படிக்கட்டு. அபாயச் சங்கு ஊதியதும் நான் ஏழாவது தளத்துப் படிக்கட்டில், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் வாக்கி டாக்கியோடு நிற்க வேண்டும். பயணிகளை அதே தளத்தில் உள்ள பெரிய கூடத்துக்குத் திருப்பி விட வேண்டும். யாரையும் கீழே அறைக்குப் போக விடக்கூடாது. பையை எடுக்க, போனை எடுக்க, மருந்தை எடுக்க என்று எதைச் சொன்னாலும் சரி. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆபத்தில் செத்தவர்களில் பலர் எதையோ எடுக்கத் திரும்பிப் போனவர்கள் என்றார்கள்.

வாராவாரம் ஒத்திகை நடக்கும். போய் நிற்பேன், கையைக் காட்டுவேன், கீழே வந்து மறுபடி துணி மடிப்பேன். அது நிஜமாக நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாவது முறை ஒப்பந்தம் போட்டுப் போயிருந்த சமயம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள். கடிகாரத்தில் மதியம் மூன்றேகால். விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் நீளமான மிஷினில் நான் ஒரு முனையைக் கொடுக்க, எதிர்ப்பக்கம் பிலிப்பைன்ஸ்காரரான எங்கள் லாண்டரி மாஸ்டர் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரிப்பு நேராகப் போகாமல் கோணலாகப் போனது. நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவர் முறைத்தார். அடுத்த விரிப்பும் கோணலாகப் போனது.

அப்புறம்தான் எனக்கு எதிரே இருந்த கம்பியைப் பார்த்தேன். சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகள் அதில் வரிசையாகத் தொங்கும். நூறு கோட்டாவது இருக்கும். எல்லாக் கோட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. காற்று இல்லை, ஆட்டம் இல்லை. யாரோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது போல அசையாமல் நின்றன.

கோட்டுகள் சாயவில்லை, கப்பல்தான் சாய்கிறது என்பது என் புத்திக்கு எட்டுவதற்குள் கால் வழுக்கிவிட்டது. துணி வண்டிகள் பிரேக் போட்டபடியே தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன. சோப்புக் கேன்கள் உருண்டன. மேலே எங்கேயோ தூரத்தில், ஒரு லோடு கண்ணாடியைக் கொட்டுவது போல ஒரு சத்தம். அது நிற்காமல் நீண்டுகொண்டே போனது. பிற்பாடு அது சாப்பாட்டுக் கூடத்துத் தட்டுகள் என்று சொன்னார்கள். நானும் மாஸ்டரும் மிஷினின் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் செய்தாரா, எண்ணினாரா தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு நிமிஷம் இருக்கலாம். கப்பல் அப்படியே சாய்ந்து நின்று, யோசிப்பது போலக் கொஞ்சம் தாமதித்து, பிறகு மெதுவாக நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை. லேசாக ஒரு பக்கம் இறங்கியே நின்றது. அந்தக் கோட்டுகளும் கொஞ்சம் சாய்ந்தபடியே நின்றன.

அபாயச் சங்கு ஊதியது. ஏழு குட்டை, ஒரு நெட்டை. ஒத்திகையில் நூறு தரம் கேட்ட சத்தம்தான். ஆனால் ஒத்திகைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் "இது ஒத்திகை" என்று ஒரு குரல் சொல்லும். இந்தத் தடவை அந்தக் குரல் வரவில்லை.

சுவரைப் பிடித்துப் பிடித்து ஏழாவது தளத்துக்குப் போய் என் இடத்தில் நின்றேன். நான் கூச்சலை எதிர்பார்த்துப் போனேன். கூச்சலே இல்லை. ஜனங்கள் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வந்தார்கள், எல்லோரும் ஒரே பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. நீச்சல் உடையில் ஈரம் சொட்ட ஒரு குடும்பம். கையில் தட்டோடு ஒருவர், தட்டில் ஒன்றும் இல்லை. செருப்பு இல்லாமல் பலர். கம்பளத்தில் கால் பதியும் சத்தம் மட்டும் கேட்டது. படிக்கட்டுக்கு மேலே தொங்கிய பெரிய கண்ணாடி விளக்கு கூரைக்கு நேராக இல்லாமல் கோணலாக நின்றது. சுவர் நீளத்துக்கும் நிலைக்கண்ணாடி. அதில் இன்னொரு கூட்டம் அதே மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கையைக் காட்டி, "திஸ் வே ப்ளீஸ், திஸ் வே ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு மேல்தளத்திலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, நெற்றியில் திருநீறு. கூடத்துப் பக்கம் திரும்பாமல் என்னைத் தாண்டிக் கீழே போகப் பார்த்தார். கையை நீட்டித் தடுத்தேன். "ஹஸ்பெண்ட், டவுன், ஹஸ்பெண்ட்" என்றார். "சாரி மேடம், நாட் அலவ்ட்" என்றேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு தனக்குத்தானே, "இந்த மனுசன் கீழ என்ன பண்ணீட்டிருக்கறாரோ தெரியலியே" என்றார்.

அது எங்கள் பக்கத்துப் பேச்சு. எட்டு மாசமாக நான் நேரில் கேட்காத பேச்சு.

"அம்மா, நீங்க எந்தூருங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளகோவிலுங்க."

"நான் திருப்பூருங்க. நெருப்பெரிச்சல்."

அந்த நிலைமையிலும் அவர் சிரித்தார். உடனே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, எங்க ஊட்டுக்காரரு கீழ ரூம்ல இருக்கறாருங்க. வயிறு சரியில்லைன்னு படுத்திருந்தாரு. நான் மட்டும் கடலப் பாக்கறதுக்கு மேல போனேன். ஒரே நிமிசம், போய்க் கூட்டீட்டு வந்தர்றேன். என்ன விடுங்க சாமி."

"எத்தனாவது தளமுங்க?"

"நாலு."

விட்டிருக்கலாம். இன்றுவரை அப்படி நினைக்காத நாள் குறைவு. ஆனால் கப்பல் இன்னும் நேராகவில்லை, மறுபடி சாயுமா என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட் நின்றிருந்தது. அவரைப் பார்த்தால் படியில் ஒழுங்காக இறங்கக்கூடியவராகவும் தெரியவில்லை. நான் வாக்கி டாக்கியில் கேட்டேன். நாலாவது தளத்தில் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாகிவிட்டது, எல்லா அறையும் காலி என்று பதில் வந்தது.

"அந்தத் தளத்த முழுசாப் பாத்துட்டாங்கம்மா," என்றேன். "அங்க யாரும் இல்லீங்க. அவரு வேற படி வழியா வந்திருப்பாருங்க. நீங்க கூடத்துல போய் உக்காருங்க, வந்துருவாரு."

அவர் போனார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். "இல்லீங்க கண்ணு, அங்க வரல. நல்லாக் கேட்டுப் பாருங்க."

மறுபடி கேட்டேன். அதே பதில். "அங்க யாரும் இல்லீங்கம்மா."

இப்படி ஐந்தாறு தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் அவர் வந்து நிற்பார், நான் அதையே சொல்லுவேன். கடைசித் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. படியின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தபடி நின்றார். நானாகவே, "அங்க யாரும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப அவரு எங்கீங்க?" என்று கேட்டார்.

நான் வாக்கி டாக்கியை மறுபடி வாயருகே கொண்டுபோனேன்.

கூடத்தில் ஒரு பெண் அதிகாரி பெயர்ப் பட்டியலை வைத்துத் தலை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் ஆள் குறைந்தது. அது அந்த அம்மாவின் கணவர்தான். அறையில் இல்லை, கூடத்தில் இல்லை, மருத்துவ அறையில் இல்லை. வாக்கி டாக்கியில் பேச்சின் தொனி மாறியது. மேல்தளத்துக் கேமராக்களைப் பார்க்கச் சொன்னார்கள். கப்பல் சாய்ந்தபோது வெளித்தளத்தில் நின்றவர்கள் யார் யார் என்று ஒரு குரல் கேட்டது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த அதிகாரியிடம் போய், நாலாவது தளத்தை நானே ஒரு தடவை பார்த்து வருகிறேன் என்றேன். பார்த்தாகிவிட்டதே என்றார். காணாமல் போனவர் எங்கள் ஊர்க்காரர், பேச்சு எனக்குப் புரியும் என்றேன். அதில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. என்ன நினைத்தாரோ, பத்து நிமிஷம் என்று சொல்லி, அந்தத் தளத்து அறைகளைக் கவனிக்கும் ஊழியரையும் கூட அனுப்பினார். சிலிகுரிப் பக்கத்துப் பையன். திருப்பூர் பட்டறையில் பீகார்க்காரர்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில்தான் அவனிடம் பேசினேன்.

நாலாவது தளத்து நடைபாதை நேர்க்கோடாக நீண்டு கிடந்தது. விளக்குகளில் பாதி எரியவில்லை. இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு பச்சை அட்டை தொங்கியது. இந்த அறையைப் பார்த்தாகிவிட்டது, உள்ளே ஆள் இல்லை என்பதற்கு அடையாளம். ஒரு பக்கத்து அட்டைகள் எல்லாம் கதவை விட்டு அரை விரல் தள்ளி நின்றன. நடக்க நடக்க ஒரு சத்தம் கூடவே வந்தது. டக், டக் என்று, மெதுவாக, ஒரே தாளத்தில். முதலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நின்றுவிட்டேன். பையன், "ஹேங்கர்" என்றான். ஆளில்லாத ஒவ்வோர் அறையிலும் அலமாரிக்குள் இருந்த ஹேங்கர்கள் கப்பலின் அசைவுக்கு ஒன்றாக ஆடி, ஒன்றாகப் பலகையில் முட்டின.

அவர்கள் அறைக் கதவிலும் பச்சை அட்டை இருந்தது. திறந்தோம். கட்டில் சுவரோடு போய் ஒட்டியிருந்தது. பெட்டி வாய் பிளந்து, வேட்டியும் புடவையும் தரையில். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் நீல நிறத்தில் கடல், நடுவே சின்னதாக ஒரு கப்பல் படம், நாங்கள் இருக்கும் இடம். உண்மையிலேயே யாரும் இல்லை. பையன் என்னைப் பார்த்து, நான் சொன்னேனல்லவா என்பது போலக் கையை விரித்தான். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. அது கோணிப்போய்ச் சிக்கிக்கொண்டது, இந்தப் பக்கத்தில் பத்துக் கதவாவது அப்படித்தான் என்று அவன் இந்தியில் சொன்னான். நான் அவனிடம், எதற்கும் ஒரு கம்பி கொண்டு வா என்று சொல்ல வாய் எடுத்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

"இத்தன நேரமாப் பேசீட்டே இருந்தீங்களே. கதவத் தொறக்கறதுக்கு என்னங்க?"

அதுவரைக்கும் நான் அங்கே தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

நான் கதவை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். பையன்தான் சுதாரித்தான். கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுக்காக வைத்திருந்த தகட்டை உதைத்து உடைத்தான். உள்ளே இருட்டு. கையை விட்டேன். ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. ஐஸ் மாதிரி இருந்தது. கழிவறைக்கும் கதவுக்கும் நடுவில் அவர் மடங்கிக் கிடந்தார். கப்பல் சாய்ந்தபோது விழுந்து தலையில் அடிபட்டு நினைவு போயிருக்கிறது. அந்த நேரத்தில்தான் இந்தப் பையன் வந்து கதவைத் தட்டி, கூப்பிட்டு, பதில் வராமல் அட்டையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் ஒருவன் ஓடி ஓடி அந்த வரிசை முழுவதையும் பார்த்திருந்தான். அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவர் என் கையை விடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வலியை விட வேறு ஏதோ ஒன்று அவரை வாட்டியது. பேசிக்கொண்டே இருந்தார்.

"யாரும் இல்லீங்க, யாரும் இல்லீங்கன்னு சொல்லீட்டே இருந்தீங்க. அஞ்சாறு தடவ சொன்னீங்க. நான் இருக்கறேனுங்க, இருக்கறேனுங்கன்னு கத்துனேன். மறுக்காவும் அதையே சொன்னீங்க. அப்பறம் எனக்கே சந்தேகமாப் போச்சு. கைய வச்சு மூஞ்சியத் தடவிப் பாத்துக்கிட்டேன்."

"அய்யா, நான் மேல இருந்தேனுங்க. இங்க வரலீங்க."

"வந்தீங்க," என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

மருத்துவ அறையில் அந்த அம்மா வந்து அவர் தலைமாட்டில் நின்றார். அழவில்லை, கத்தவில்லை. அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "நீங்க சொன்னத நம்பித்தானுங்க நான் மேல உக்காந்திருந்தேன்" என்றார். அதில் குற்றம் சாட்டுவது போலக்கூட இல்லை. நடந்ததைச் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருக்கலாம்.

சாயங்காலம் கப்பல் முழுக்க நேராகிவிட்டது. கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, திருப்பத்தில் சுக்கான் தேவைக்கு மேல் திரும்பிவிட்டது, கப்பலுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார். வராந்தாக்களில் மறுபடி பாட்டுப் போட்டார்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஆனால் பரிமாறியவர்கள் சொன்னார்கள், யாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை, எல்லோரும் ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்தபடியே சாப்பிட்டார்கள் என்று. எங்களுக்குத் துண்டுகள் வந்து குவிந்தன. ஒயின் கறை, சாஸ் கறை, நடுநடுவே ரத்தம். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். அலச அலசத் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. சாயப்பட்டறையில் எத்தனையோ சிவப்புத் தண்ணீர் பார்த்தவன்தான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அலசினேன்.

மறுநாள் காலை துறைமுகத்தில் அவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கிளம்பும் முன் அந்த அம்மா தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கப்பலில் குளிர்காற்றுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு வாரம் கழித்து அவரிடம் கேட்டேன். ஏழாவது தளத்துப் படிக்கட்டில் பேசினால் நாலாவது தளத்துக் குளியலறையில் கேட்குமா? அவர் சிரித்தார். படிக்கட்டுக்கும் அறைகளுக்கும் காற்று ஒன்றாகப் போகவே போகாது, தீப்பிடித்தால் புகை பரவாமல் இருக்கத் தனித்தனியாகத்தான் வைத்திருப்பார்கள் என்றார். போதாததற்கு அன்றைக்கு அந்தத் தளத்தில் காற்று மிஷினே நின்றிருந்தது என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றார். சும்மாதான் என்றேன்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாசம் இருந்தது. முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். மறுபடி போகவில்லை.

இப்போது நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவியும் அங்கேதான், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில். கப்பல் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, தீயணைப்பு ஒத்திகைக்கும் என்னையே பொறுப்பாக்கிவிட்டார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வரும்போது இதெல்லாம் கேட்பார்கள். மணி அடித்ததும் மூன்று மாடியிலிருந்தும் எல்லோரும் இறங்கி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கொங்குப் பேச்சு, தெற்கத்திப் பேச்சு, இந்தி, ஒடியா என்று ஒரே கலகலப்பாக இருக்கும். வெயிலில் நிற்கப் பிடிக்காது, சீக்கிரம் முடியுங்கள் என்பார்கள். மாடிப் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக, "ஃப்ளோர் கிளியருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அதற்கப்புறம் தனியாக மேலே ஏறுவேன். ஒவ்வொரு மாடியிலும் கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். மிஷின்கள் நின்றுபோன ஃப்ளோரில் ஃபேன்கள் மட்டும் ஓய்ந்து ஓய்ந்து சுற்றும். யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட மாட்டேன். அந்த ஒரு வேலையில் என்னால் வாயைத் திறக்க முடிவதில்லை.

சீட்டு இரண்டு வருஷமாக என் பர்ஸிலேயே இருந்தது. போன தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அம்மா என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார். "வாங்க கண்ணு, எத்தன நாளாச்சு, கட்டாயம் வரோணும்" என்றார். காங்கயம் வழியாக பைக்கில் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் பத்துத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அய்யா கைத்தடி ஊன்றி நடந்து வந்து, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மெலிந்திருந்தார், மற்றபடி நன்றாக இருந்தார். அம்மா இலை போட்டுச் சாப்பாடு போட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகன்தான் அந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன். அதற்காக அவன் இன்னும் வருத்தப்படுகிறான் என்றார்கள். தறி, நூல் விலை, மழை என்று பேச்சு போனது. கப்பலைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் எடுத்தேன். "அய்யா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. நாங்க வந்து கதவ ஒடைக்கறதுக்கு முன்னாடி நான் உங்க ரூம் பக்கம் வரவே இல்லீங்க. மேல படிக்கட்டுல நின்னுட்டு, அம்மாகிட்டச் சொல்லீட்டிருந்தேன். அதுதான் எப்படியோ உங்க காதுல உழுந்திருக்குது. உங்களுக்கு அது கஷ்டமாப் போச்சு. என்ன மன்னிச்சுக்கோணும்."

அவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னன்னு சொன்னீங்க?"

"அங்க யாரும் இல்லீங்கன்னு சொன்னேனுங்க."

"அங்கன்னா சொன்னீங்க?"

"ஆமாங்க. நான் மேல இருந்தேன், நீங்க கீழ இருந்தீங்க. அங்கன்னுதான சொல்ல முடியும்?"

அவர் தலையை ஆட்டினார். "இல்லீங்க. நான் கேட்டது 'இங்க யாரும் இல்லீங்க'. ஒவ்வொரு தடவையும் இங்கன்னுதான் வந்துது. கிட்டத்துல, காதோரமா உக்காந்துட்டு சொல்ற மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "அது உங்க கொரலுதானுங்க. அதுல சந்தேகமில்ல" என்றார்.

உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் ஈரக்கையோடு வாசல்படியில் வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அந்தப் பேச்சு எதுக்குங்க இப்ப," என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "வெயிலு தாழ்ந்துருச்சு, நேரத்தோட கெளம்புங்க கண்ணு, பாத்துப் போங்க" என்றார். ஒரு பையில் தேங்காயும் முருங்கைக்காயும் போட்டுக் கொடுத்தார்.

இதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அவள் பயந்த சுபாவம் கிடையாது. முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க அங்கன்னு சொன்னது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொன்னேன். அவள் கேட்ட அன்றைக்கு இருந்தது.